பல் இல்லாத மணி

எங்கள் காலனிக் கிறிஸ்தவக் கோயிலில் தொங்கியது மணியே அல்ல, ஓர் இரும்புக் கம்பி. இரண்டேகால் அடி நீளம், என் அப்போதைய மணிக்கட்டு அளவுக்குத் தடிமன், உடம்பு முழுக்க முட்டை முட்டையாக மேடுகள். ஒரு முனையில் கொக்கியை முறுக்கி, கோயில் வாசல் புங்கமரத்தில் சைக்கிள் செயினால் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு பெரிய போல்ட் கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து ஒரு போடு போட்டால் எழும் சத்தம் ஏரிக்கரையைத் தாண்டி ஊர்த்தெருவரைக்கும் போகும். திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் வெண்கல மணி வைத்த கோயில்கள் எத்தனையோ இருக்கின்றன. எதற்கும் இந்தச் சத்தம் வராது என்பது என் கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான்.

மணி அடிக்கிற முறை வீட்டுக்கு ஒரு மாதம் என்று வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு மாதத்தில் நான் அடிப்பேன். மற்ற வீட்டு மாதங்களிலும் அந்தந்த வீட்டுப் பிள்ளைகளை மிரட்டி நானே அடிப்பேன். பதினொரு வயதில் எனக்கு இருந்த ஒரே அதிகாரம் அது.

அந்த அதிகாரம் செல்லாத நாள் ஒன்று இருந்தது. தை மாதத்தில் ஒரு நாள், அது திங்களோ புதனோ எதுவானாலும், காலை பதினொரு மணிக்குப் பெரியம்மா கோயிலுக்கு வருவார். ஜெபம் கிடையாது, கூட்டம் கிடையாது. போல்ட்டை எடுத்து நிதானமாக இருபத்தொன்பது முறை அடிப்பார். எண்ணிப் பார்த்தவள் நான். “இன்னாத்துக்குப் பெரிம்மா?” என்று கேட்டால் “வேண்டுதல்” என்பார். ஒரு அடியாவது அடிக்கிறேனே என்று கெஞ்சினால் கையைத் தட்டிவிடுவார்.

பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணி. பெரியப்பா நான் பிறப்பதற்கு முன்பே விபத்தில் போய்விட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். சுவரில் மாட்டியிருந்த படத்தில் அப்பாவைவிடச் சின்னவராக இருப்பார். பெரியம்மா எங்களோடுதான் இருந்தார். காலை முதல் பஸ்ஸில் மாமல்லபுரம் போய், சிற்பப் பட்டறையில் கருங்கல் சிலைகளுக்கு உப்புத்தாள் தேய்த்து மெருகேற்றுவார். அம்மனுக்குக் கன்னம் தேய்ப்பதும், வெளிநாட்டுக்குப் போகிற புத்தருக்குத் தலை தேய்ப்பதும் அவர் வேலை. யாரிடமும் அதிகம் பேச மாட்டார். பேசினால் அடுத்தவர் அன்று முழுக்கப் பேச மாட்டார்.

இப்படிப்பட்ட எங்கள் மணியின்மேல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரைஸ்மில்காரர் மகனின் கண் பட்டது.

ரைஸ்மில்காரர் எங்கள் பக்கத்தில் பெரிய புள்ளி. நிலம், மில், இரண்டு லாரி. காலனியில் முக்கால்வாசிப் பேர் ஒருகாலத்தில் அவர் வயலில்தான் வேலை செய்தார்கள். மகன் சின்ன வயதிலிருந்தே சென்னை ஹாஸ்டலில் வளர்ந்து, படித்து முடித்துவிட்டுத் திரும்பியவர். மாமல்லபுரத்தில் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டல் வாசலில் தன் தாத்தாவின் பழைய காரை ஓடுகிற நிலையில் நிறுத்தவேண்டும், வெள்ளைக்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது அவர் ஆசை. கார் மில் ஷெட்டில் இன்ஜினைப் பிரித்த நிலையில் கிடந்தது. எல்லாச் சாமானும் இருந்தன. கேம்ஷாஃப்ட் மட்டும் இல்லை. இன்ஜினுக்குள்ளே சுழன்றுகொண்டே வால்வுகளைத் தூக்கித் தூக்கி விடுகிற கம்பி அது.

பைக்கில் போனவர் மணிச் சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தினார். நான்தான் அடித்துக்கொண்டிருந்தேன். நேராக வந்து கம்பியைப் பிடித்தார். சத்தம் பாதியில் நின்றது.

“இது எங்க தாத்தா காரு கேம்ஷாஃப்ட்டு. ஷெட்டுல காணாம போனது. மரத்துல கட்டி வெச்சிகினு கீறீங்களா?”

அப்பா உள்ளேயிருந்து ஓடிவந்தார். “தம்பி, எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே இது இங்கதான் தொங்குது.”

“எத்தினி வருசம் தொங்குனா இன்னா? திருட்டுப் பொருள் திருட்டுப் பொருள்தான். நீதான எங்க ஷெட்டுல மூட்ட தூக்கிகினு இருந்த?”

கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மாதிரி சாமான்களில் கம்பெனிக்காரன் ஒரு நம்பரோ எழுத்தோ குத்தியிருப்பானாம். இதில் எங்கேயும் ஒன்றுமில்லை. “பாரு, அழிச்சிட்டிருக்கானுங்க” என்றார். நம்பர் இருந்திருந்தால் தன்னுடையது என்று சொல்லியிருப்பார். இல்லாததால் நாங்கள் அழித்துவிட்டோம். எப்படிப் போட்டாலும் திருடன் அப்பாதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கம்பி ஷெட்டுக்கு வந்து சேரவேண்டும், இல்லையென்றால் ஸ்டேஷனில் புகார் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு அப்போது பொத்தேரிப் பக்கத்தில் ஒரு காலேஜில் பஸ் டிரைவர் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. போலீஸ் விசாரணைச் சான்று வாங்கிக் கொடுக்கவேண்டிய வாரம் அது. ஸ்டேஷனில் பெயர் ஏறினால் வேலை அவ்வளவுதான்.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அண்ணி, குடுத்துடலாம். வேற ஒரு தண்டவாளத் துண்டு வாங்கி மாட்டிக்கலாம்.”

“மணி எறங்காது” என்றார் பெரியம்மா.

“எறங்காதுன்னா அவன் கேப்பான் இல்ல, எங்கேந்து வந்துச்சின்னு? வாயத் தொறந்து சொல்ல முடியுமா நம்மளால?”

“நீ சொல்லாத. நானும் சொல்லல. ஆனா மணி எறங்காது.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கேயிருந்து வந்தது என்று இவர்களுக்கே தெரியாது, அதை ஒத்துக்கொள்ள வெட்கம், அதனால்தான் மென்று விழுங்குகிறார்கள் என்று நினைத்தேன். பெரியவர்கள் சண்டை போடப் பயந்தால் நான் போடவேண்டியதுதான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அது அந்தக் காரின் கம்பி இல்லை என்று காட்டினால் போதும். இல்லை என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என்ன ஆதாரம் என்று கேட்டால், நான் ஐந்து வருடமாக அடிக்கிற மணி, வேறென்ன ஆதாரம் வேண்டும்?

அம்மாவின் தம்பி, என் மாமா, செங்கல்பட்டில் ஒரு ஒர்க் ஷாப்பில் மெக்கானிக். புதன்கிழமை வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மரத்தடியில் நிறுத்தினேன். அண்ணாந்து பார்த்தார்.

“கேம்ஷாஃப்ட்டுதான். எட்டு மேடு. ஒரு சிலிண்டருக்கு ரெண்டு, அப்போ நாலு சிலிண்டரு.”

“எந்த வண்டி?”

“உலகத்துல நாலு சிலிண்டர் வண்டி எத்தினி கீது தெரிமா? நம்பரும் இல்ல. நான் இன்னா ஜோசியமா சொல்றது? போடி, போய் டீ போட்டுகினு வா.”

டீ போட்டுக் கொடுத்தேன். அதோடு அவரை விட்டேன் என்று நினைக்கவேண்டாம். ஒரு நீள நூலை எடுத்து, கம்பியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வைத்து, எங்கெங்கே மேடு தொடங்குகிறதோ அங்கெல்லாம் முடிச்சுப் போட்டேன். நோட்டுப் புத்தகத் தாளை மேட்டின்மேல் சுற்றி, பென்சிலால் தேய்த்து அதன் உருவத்தையும் எடுத்தேன். சனிக்கிழமை காலை எங்கள் வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பிய மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவர் கண்டக்டரிடம் “இது யாருன்னே எனக்குத் தெரியாது” என்று சொல்லிப் பார்த்தார். கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார்.

ஒர்க் ஷாப்பின் மூலையில் ஒரு தகர டிரம் நிறையப் பழைய கம்பிகள் நின்றன. மாமா ஒரு வேனுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். நான் ஒவ்வொன்றாக உருவி, தரையில் போட்டு, நூலை வைத்துப் பார்த்தேன். கை, முகம், பாவாடை எல்லாம் கிரீஸ். ஒன்றும் பொருந்தவில்லை. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. கார் கம்பிகள் எல்லாவற்றிலும் நடுவே ஒரு வளையம், அந்த வளையத்தைச் சுற்றிச் சாய்ந்த பற்கள். எங்கள் மணியில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அதன் உடம்பில் நான் தடவாத இடம் இல்லை.

“மாமா, இந்தப் பல்லு இன்னாத்துக்கு?”

வேனுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “அதுலதான் டிஸ்ட்ரிபியூட்டர் சுத்தும். பெட்ரோல் வண்டியில பிளக்குக்குக் கரண்டு பிரிச்சி வுடறது.”

“பல்லு இல்லன்னா?”

“இல்லன்னா எப்டி சுத்தும்? நிக்கும்.”

“பல்லே இல்லாத கம்பி எதுல கீது?”

“டீசலா இருக்கும். டீசலுக்கு பிளக்கே கெடையாதே, அப்பறம் இன்னாத்துக்கு? நை நைன்னு உயிர எடுக்காத.”

பின்பக்கம் ஒரு டிராக்டர் இன்ஜின் திறந்து கிடந்தது. அதன் கம்பியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். துணியைப் பிரித்தேன். பல் இல்லை. நூலை வைத்தேன். முதல் முடிச்சு முதல் மேட்டில் உட்கார்ந்தது. இரண்டாவது, இரண்டாவதில். எட்டும் உட்கார்ந்தன. பென்சில் உருவத்தைச் சுற்றினால் தைத்த சட்டை மாதிரிச் சரியாக இருந்தது. நான் போட்ட கூச்சலில் மாமா வேனில் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

பார்த்தார். நூலைத் தானே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். பிறகு கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நாளைக்கி அங்க வந்தின்னா, காருது இல்லன்னு மட்டும் சொல்லு. பல்லக் காட்டு. அதோட நிறுத்திக்கோ. டிராக்டர்னு வாயத் தொறக்காத.”

“ஏன்?”

“சொன்னா கேளு.”

அதற்குக் கூலியாகப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு கிண்டல் இல்லை, ஒரு பாட்டு இல்லை. இத்தனை வருடம் மெக்கானிக்காக இருப்பவருக்குத் தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன், அந்தப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் மாமா மரத்தில் ஏறி மணியை இறக்கினார். பெரியம்மா தடுக்கவில்லை. “போயிட்டு வரட்டும்” என்றார், யாரோ ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு அவரும் கிளம்பினார். அந்த ஷெட்டுக்கு அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. காலனியிலிருந்து இருபது பேராவது வந்திருப்பார்கள். வழக்கம்போல வரப்பு வழியாகச் சுற்றி, மில்லின் பின்வாசலில் நுழைந்தோம்.

ஷெட்டுக்குள்ளே கார், அதன் முன்னால் பலகையின்மேல் இன்ஜின். ரைஸ்மில்காரர் தோளில் துண்டோடு வாசல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர் முகம். மகன் சென்னையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்திருந்தார். “சொருகிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது” என்றார்.

மெக்கானிக் கம்பியை வாங்கி, இன்ஜினின் முன் ஓட்டையில் வைத்துத் தள்ளினார். போனது. முழுதாக உள்ளே போய்விட்டது.

அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மகன் கையைத் தட்டினார். “போவுது பாரு! இன்னா இப்ப சொல்ற?”

மாமாதான் முனகினார். “உள்ள கம்பியப் புடிக்கிற வளையம், புஷ் எல்லாம் கழட்டியாச்சு. லொடலொடன்னு இருக்கு. இந்த ஓட்டையில ஒலக்கைகூடப் போவும்.”

“புது புஷ் போட்டா சரியாயிடும்” என்றார் மகன். மெக்கானிக் குனிந்து ஸ்பேனர்களைப் பெட்டியில் அடுக்கினார். அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். கூப்பிட்டு வேலை கொடுப்பவர் கைதட்டும்போது யார்தான் குறுக்கே பேசுவார்கள்?

நான் குறுக்கே போய் நின்றேன். “டிஸ்ட்ரிபியூட்டர் எங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தார். “இன்னாது?”

“டிஸ்ட்ரிபியூட்டர். அத அந்த ஓட்டையில மாட்டுங்க. மாட்டிட்டுக் கம்பியச் சுத்துங்க. இதோட கம்பின்னா அதுவும் கூட சுத்தணும்.”

மெக்கானிக் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்து, மூடியைக் கழற்றி, இன்ஜினின் பக்கவாட்டு ஓட்டையில் இறக்கினார். கம்பியின் முனையைப் பிடித்துச் சுற்றினார். டிஸ்ட்ரிபியூட்டரின் உச்சியில் இருந்த சின்ன முள் அசையவில்லை. இன்னொரு சுற்று. அசையவில்லை. கம்பி பாட்டுக்குச் சுற்றியது, அது பாட்டுக்கு நின்றது. ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். இதைப் புரிந்துகொள்ள இன்ஜின் படித்திருக்கவேண்டியதில்லை.

“பல்லு இல்ல. காருன்னா நடுவுல பல்லு இருக்கும். இது உங்களுது இல்ல” என்றேன். ஷெட் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன்.

“பல்ல அராவிட்டிருப்பீங்க” என்றார் மகன்.

“அராவுன எடம் வழவழன்னு இருக்கும். தடவிப் பாருங்க” என்றார் மாமா.

மெக்கானிக் கம்பியை உருவி, நடுப்பகுதியைக் கட்டைவிரலால் தடவினார். மேடுகளுக்கு நடுவே உலையிலிருந்து வந்த கறுத்த சொரசொரப்பு அப்படியே இருந்தது. “இல்ல சார். இது அரம் படாத எடம். இது இந்த வண்டியுது இல்ல.”

அதோடு முடிந்திருக்கவேண்டும். மாமா கம்பியை வாங்கக் கையை நீட்டினார். மகனுக்கு மனசு ஆறவில்லை. இருபது பேர் முன்னால் ஒரு பதினொரு வயதுப் பெண்ணிடம் தோற்றால் யாருக்குத்தான் ஆறும்? “சரி, எங்க காருது இல்ல. அப்ப எதோடது? எங்கேந்து திருடுனீங்க? அதச் சொல்லுங்கடா!”

அப்பா ஓர் அடி பின்னால் போனார். மாமா என் தோளை அழுத்தினார். இவ்வளவு ஜெயித்த பிறகும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரோட்டாவாவது ஒன்றாவது.

“டிராக்டரோடது!” என்று கத்தினேன். “டீசல் டிராக்டரு. நாலு சிலிண்டரு. நான் நூலு வெச்சிப் பாத்துட்டேன்.”

காலனி ஆட்களில் வயதானவர்கள் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் ரைஸ்மில்காரரைப் பார்த்தார்கள். என் அறிவைக் கண்டு மலைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ரைஸ்மில்காரர் எழுந்து வந்தார். துண்டு நாற்காலியிலேயே விழுந்து கிடந்தது. மெக்கானிக் கையிலிருந்த கம்பியைக் குனிந்து பார்த்தார், தொடவில்லை. பிறகு பெரியம்மாவைப் பார்த்தார். ரைஸ்மில்காரர் முன்னால் எங்கள் பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நிற்பதுதான் வழக்கம். பெரியம்மா ஓரமாகவும் நிற்கவில்லை, கண்ணையும் இறக்கவில்லை.

“டிராக்டரா?” என்றார் மகன், ஒன்றும் விளங்காமல். “நம்ம கிட்ட டிராக்டர் இருந்துச்சாப்பா?”

“இல்ல” என்றார் ரைஸ்மில்காரர். “நம்ம கிட்ட எப்பவும் டிராக்டரே இருந்தது இல்ல.”

ஷெட்டுக்கு வந்தபிறகு பெரியம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார். “இன்னொரு வாட்டி சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

ரைஸ்மில்காரர் கார் பக்கம் திரும்பிக்கொண்டார். “நம்முது இல்ல அது. எடுத்துகினு போங்க.”

பெரியம்மா மெக்கானிக்கிடமிருந்து கம்பியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பின்வாசலுக்குத் திரும்பவில்லை. முன்வாசல் வழியாக வெளியேறி, ஊர்த்தெருவின் நட்டநடுவில் நடந்தார். வரப்பு வழியே வந்த இருபது பேரும் அவர் பின்னால் தெருவழியே திரும்பினோம். கதவுகளில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. நான் எல்லோருக்கும் முன்னால் நடந்தேன், ஊர்வலமே எனக்காக என்பதுபோல.

புகார் கொடுக்கவில்லை. அப்பாவுக்கு வேலை கிடைத்தது. அந்தக் கார் இன்றைக்கும் மாமல்லபுரத்தில் ஓட்டல் வாசலில் நிற்கிறது. பெயிண்ட் பளபளக்கிறது, உள்ளே இன்ஜின் இல்லை. வெள்ளைக்காரர்களுக்கு அது போதும்போலிருக்கிறது.

பல வருடம் அந்த வெற்றியைச் சொல்லிச் சொல்லித் தீர்த்தேன். காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, தை மாதத்து அந்த நாளில் நான் வீட்டில் இருந்தேன். அடித்து முடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்த பெரியம்மாவிடம் மறுபடியும் கேட்டேன், அது ஏன் இருபத்தொன்பது என்று. அன்று தட்டிக்கழிக்கவில்லை.

“உங்க பெரியப்பனுக்கு வயசு அவ்ளோதான்” என்றார்.

அறுப்பு நேரம், காலை பதினொரு மணி. ரைஸ்மில்காரர் புதிதாக ஒரு பழைய டிராக்டர் வாங்கியிருந்தார். ஆவணம் இன்னும் அவர் பெயருக்கு மாறவில்லை. சரியாக ஓட்டத் தெரியாதவர் தானே ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டுப் பின்பக்கமாக எடுத்தார். பின்னால் பெரியப்பா நெல்லுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார். அன்று சாயங்காலமே கிராமத்துப் பெரியவர்கள் ஒரு காகிதம் எழுதினார்கள். குடித்துவிட்டு வரப்பில் விழுந்து அடிபட்டார், டிராக்டர் என்ற ஒன்றே அங்கு இல்லை, இதைப்பற்றி இனி யாரிடமும் பேசமாட்டோம் என்று. காலனி முழுக்க அவர் நிலத்தில்தான் வேலை. பெரியம்மா கைநாட்டு வைத்தார், அப்பா கையெழுத்துப் போட்டார். பெரியப்பா குடிக்கவே மாட்டார்.

பத்து நாளில் டிராக்டரை அதே ஷெட்டில் துண்டு துண்டாகப் பிரித்து, செங்கல்பட்டுக் காயலாங்கடைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். நம்பர் இருந்த இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டார்கள். பெரியம்மா கடை கடையாகப் போய்க் கேட்டிருக்கிறார். எல்லாம் உருக்கப் போயாகிவிட்டது. ஒரே ஒரு கம்பி மட்டும் மிச்சமிருந்தது. அதில் நம்பர் இல்லாததால் யாரும் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து, கோயிலுக்குக் காணிக்கை என்று கொடுத்திருக்கிறார்.

“பேச மாட்டோம்னுதான் எழுதிக் குடுத்தோம்” என்றார் பெரியம்மா. “மணி அடிக்க மாட்டோம்னு எழுதிக் குடுக்கல.”

எட்டு மேடு, நாலு சிலிண்டர், டீசல், பல் இல்லை. அந்தக் கம்பியைப்பற்றி எல்லாம் கண்டுபிடித்தவள் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை மணியை மறுபடி மாட்டியதும் பெரியம்மா போல்ட்டை எடுத்தார். அது தை மாதம் இல்லை, ஆடி. இருந்தும் அடித்தார். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். எனக்காகத்தான் அடிக்கிறார் என்ற நினைப்பில் ஒவ்வொரு அடிக்கும் தலையை ஆட்டினேன். இருபத்தெட்டு ஆனதும் நிறுத்தி, போல்ட்டை என் கையில் கொடுத்தார். “நீ அடி” என்றார். இத்தனை நாள் கெஞ்சியும் கிடைக்காதது. இது எனக்குப் பரிசு என்று எடுத்துக்கொண்டேன். ரைஸ்மில்காரர் வீட்டுத் திசையில் திரும்பி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி அடித்தேன். யாருடைய வயதை அடித்து முடிக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.